சருகு முதலில், சோறு பிறகு: பினாங்குக் கல்லூரி ஒன்றின் உணவுக்கழிவு உரக்குழி – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்குத் தீவில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் நடந்தது இது. விடுதியில் 380 மாணவர்கள் தங்கியிருந்தார்கள். பகலில் வந்து போகிறவர்கள் வேறு. சிற்றுண்டிச்சாலையில் மூன்று கடைகள்: நாசி சம்போர் (சோறும் பலவகைக் கறிகளும்) விற்கும் மலாய்க் கடை, ரொட்டியும் மீ கோரெங்கும் (வறுத்த மீ) போடும் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் கடை), சோறு, குழம்பு, பொரியல் என்று பரிமாறும் தமிழர் கடை.

பினாங்கு மக்களுக்குச் சுற்றுச்சூழல் பேச்சு புதிதல்ல. இலவச நெகிழிப் பைக்கு எதிரான இயக்கம் 2009இல் வாரம் ஒரு நாள் என்று தொடங்கி, 2011இல் எல்லா நாளுக்கும் வந்தது. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் கொள்கை 2016 ஜூன் மாதம் அறிமுகமானது. ஆனால் இவை பெரும்பாலும் நெகிழி, தாள், டின் பற்றியவை. மிஞ்சிய சோறும் குழம்பும் இன்றும் கறுப்புப் பையில் கட்டப்பட்டு லோரி ஏறி, பத்து மாவுங் மாற்று நிலையம் வழியாகக் கடல் தாண்டி, பெருநிலத்தில் நிபோங் தெபாலை அடுத்த புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகின்றன. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பற்றி, பக்கத்தில் குடியிருந்தவர்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதானது. மாணவர்களில் சிலர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களுக்கு அது செய்தி அல்ல, மூச்சில் ஏறிய புகை. கல்லூரியின் சுற்றுச்சூழல் கழகம் உணவுக்கழிவை வளாகத்திலேயே உரமாக்க முடிவெடுத்ததற்கு அதுதான் முதல் காரணம்.

நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. திட்டம் நான்கே வாரத்தில் நின்றுபோனது. மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு வேறு முறையில் மீண்டும் தொடங்கி இன்று ஓடுகிறது. ஏன் நின்றது, எப்படி மீண்டது என்பதை முறைப்படி பதிந்து வைத்தால், இதே வேலையில் இறங்கும் வேறு கல்லூரிகளுக்கும் கோயில் அன்னதானக் கூடங்களுக்கும் உதவும்.

முதல் ஏற்பாடு: அக்டோபர்

கழகம் நான்கு நெகிழி உரத்தொட்டிகளை வாங்கியது. ஒவ்வொன்றும் 300 லிட்டர். அடியில் திறப்பு, பக்கவாட்டில் காற்றுத் துளைகள். விடுதியின் பின்புறம், சமையலறைச் சுவருக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் இடையில் வரிசையாக வைக்கப்பட்டன. இடம் பொருத்தமாகத் தெரிந்ததற்குக் காரணம், அது யார் கண்ணிலும் படாத மூலை.

நாளொன்றுக்கு 15 கிலோ கழிவு வரும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. ஒரு பகல் வேளையில் தட்டுகள் கழுவும் இடத்தில் நின்று கண்ணால் பார்த்துச் சொன்ன அளவு அது. கலவைக்கான விதி, “ஒரு கூடை கழிவுக்கு ஒரு கூடை சருகு”. தட்டில் மிஞ்சியது, சமையலறையில் நறுக்கியது, எலும்பு, சம்பால் என்னும் மிளகாய் விழுது, தேங்காய்ப் பால் பிழிந்த சக்கை எல்லாம் ஒரே வாளியில் விழுந்தன. தொடக்க விழாவில் பானம் கொடுத்த ‘மக்கும்’ கோப்பைகள் 200ஐயும் அதே தொட்டிகளில் போட்டார்கள்.

வேலைப் பங்கீடு இப்படி இருந்தது: மாணவர்கள் முறை வைத்து மாலையில் கொட்டுவார்கள், வாரம் ஒருமுறை கிளறுவார்கள். விடுதியின் துப்புரவுப் பணியாளரான ஒரு பெண்மணி காலையில் “ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்”. அவருடைய குத்தகை ஒப்பந்தத்தில் அந்த வேலை இல்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

கவனித்தவை

முதல் வாரம் நன்றாகவே போனது. நான்காம் நாள் தொட்டியின் நடுவில் 48 பாகை செல்சியஸ். கழகத்தின் பொறுப்பாளர் மாணவர் வெப்பமானியைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினார்.

இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. பினாங்கில் ஆண்டின் கனமழை செப்டம்பர், அக்டோபரில்தான். துப்புரவுப் பணியாளர்கள் கூட்டி வைத்த சருகு திறந்தவெளியில் நனைந்து பிசுபிசுத்தது. நனைந்த சருகைப் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான், ஏனென்றால் சருகு அங்கே செய்ய வேண்டிய வேலையே ஈரத்தை உறிஞ்சி இடையில் காற்றுக்கு வழி விடுவது. வெப்பம் 34 பாகைக்கு இறங்கியது. வெளிக்காற்றே 30 பாகை. புளித்த கஞ்சி நாற்றம் எழுந்தது. சோறு கட்டிகட்டியாகச் சேர்ந்து, மண்வெட்டியால் வெட்டினால் வெட்டிய வடிவத்திலேயே நின்றது. உள்ளே சாம்பல் நிறம்.

மூன்றாம் வாரத் தொடக்கத்தில் நான்கு தொட்டிகளும் நிரம்பிவிட்டன. அடியிலிருந்து பழுப்பு நீர் கசிந்து கால்வாயில் கலந்தது. ஒரு தொட்டியின் காற்றுத் துளையை எலி கடித்துக் கைமுட்டி நுழையும் அளவுக்குப் பெரிதாக்கியிருந்தது. எலியைக் கண்டதும் விடுதிக் காப்பாளர் பதறியதில் நியாயம் உண்டு. மாணவர்கள் வெறுங்காலோடு நடமாடும் இடத்துக்குப் பத்தடி தள்ளி எலிமூத்திரம் என்றால், எலிக்காய்ச்சல் வெறும் பேச்சாக இருக்காது.

நான்காம் வாரம் தீபாவளி விடுமுறை. வெள்ளிக்கிழமை மாலை மாணவர்கள் கடைசியாகக் கொட்டிவிட்டு ஊருக்குப் போனார்கள். புதன்கிழமை காலைவரை யாரும் தொடவில்லை. புதன்கிழமை மூடியைத் திறந்தவர் அந்தத் துப்புரவுப் பணியாளர். புழு தொட்டியின் விளிம்பு தாண்டித் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது. மூடிகளின் மேல் ஓரப் பள்ளத்தில் தேங்கிய மழைநீரில் கொசுப்புழுக்கள் துள்ளின. அழுகும் கழிவில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுவதில்லை. ஆனால் மூடியில் தேங்கும் தெளிந்த நீரில் பெருகும். நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975இன்கீழ் வளாகத்துக்கு அபராத அறிவிப்பு வர அதுவே போதும்.

அன்றே நிர்வாகம் திட்டத்தை நிறுத்தியது.

மறுநாள் நடந்த கூட்டத்தில்தான் முதன்முறையாக அந்தப் பெண்மணியும் அழைக்கப்பட்டார். பொறுப்பாளர் மாணவர் மழையையும் எலியையும் காரணம் காட்டிப் பேசி முடித்த பிறகு, அவர் சொன்னது இரண்டே வரி: “தம்பி, நீங்க வெள்ளிக்கிழம கொட்டிட்டு வீட்டுக்குப் போயிடுறீங்க. வந்து மூடியத் தொறக்குறது நாந்தான்.” பிறகு கூட்டத்தில் இருந்த விரிவுரையாளரைப் பார்த்து, “ரெண்டாவது வாரமே காஞ்ச எலை தீந்துபோச்சு டீச்சர். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல” என்றார். கூட்டத்தில் பேசப்பட்ட எல்லாவற்றிலும் பிழையின் வேரைத் தொட்டது இந்த இரண்டாவது வாக்கியம்தான்.

தவறு எங்கே நடந்தது

நிறுத்திய மறுவாரம் ஐந்து நாள்கள் தராசில் நிறுத்தார்கள். சராசரியாகத் தட்டில் மிஞ்சியது நாளுக்கு 31 கிலோ, சமையலறை நறுக்கல் 14 கிலோ. மொத்தம் 45 கிலோ. மதிப்பீட்டைப்போல மூன்று மடங்கு. தட்டில் மிஞ்சியதில் பாதிக்கு மேல் சோறு.

அளவு பிழைத்ததோடு கணக்கு நிற்கவில்லை. உரக்குவியல் சூடேற ஈரம் 50 முதல் 60 விழுக்காடு இருக்க வேண்டும். கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜனும்) ஏறத்தாழ 25 முதல் 30க்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். உணவுக்கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். 20 கிலோ கழிவை எடுத்துக்கொள்வோம்: 15 கிலோ நீர், 5 கிலோ திடம். காய்ந்த சருகில் 15 விழுக்காடு ஈரம் என்றால், கலவையை 60 விழுக்காட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 6.7 கிலோ சருகு வேண்டும். அந்த அளவில் கரிம விகிதமும் சுமார் 26க்கு வந்து நின்றுவிடும். ஆக, ஈரக் கணக்கைச் சரிசெய்தாலே மற்றது பெரும்பாலும் தானாக அமையும்.

இப்போது “கூடைக்குக் கூடை” விதியைப் பாருங்கள். 20 கிலோ உணவுக்கழிவு சுமார் 33 லிட்டர் இடம் பிடிக்கும். 33 லிட்டர் நொறுக்காத சருகின் எடை 1.7 கிலோதான். தேவையில் நான்கில் ஒரு பங்கு. ஈரம் 70 விழுக்காட்டிலேயே நிற்கும், காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் சோற்று மாவுச்சத்து புளித்து அமிலமாகும், அமிலம் சூடேற்றும் நுண்ணுயிர்களை ஒடுக்கும், வெப்பம் விழும். வெப்பம் விழுந்த குவியல் ஈக்குத் தொட்டில். எனவே அந்த விதியின்படி மழையே இல்லாதிருந்தாலும் இது கெட்டுப்போயிருக்கும். ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். மழைமேல் பழிபோட்டது தவறு.

எண்ணெய் இன்னொரு சங்கதி. சம்பாலும் பொரித்த எண்ணெயும் துகள்களை மூடிப் பூசிக்கொள்ளும்; நீரும் காற்றும் உள்ளே போகா. தேங்காய்ச் சக்கை பார்க்கக் காய்ந்த நார்போல இருப்பதால் சருகுக்குப் பதிலாகப் போட்டிருந்தார்கள். பிழிந்த பிறகும் அதில் எண்ணெயும் ஈரமும் நிறைய மிஞ்சுகின்றன. அதை ஈரக்கழிவாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

‘மக்கும்’ கோப்பைகள்? ஏழு வாரம் கழித்துத் தொட்டியைக் காலி செய்தபோது, பச்சை இலை முத்திரை அழியாமல், விளிம்புகூட மழுங்காமல் வெளியே வந்தன. சோள மாவிலிருந்து செய்யும் அந்த வகை நெகிழி, 60 பாகையை ஒட்டிய வெப்பம் வாரக்கணக்கில் நீடிக்கும் தொழிற்கூடங்களில் மட்டுமே சிதையும். வளாகக் குவியலில் அது சாதாரண நெகிழிதான். கடையில் விற்பவர் சொல்வதை நம்பி இவற்றை வாங்கும் கல்லூரிகள் இன்னும் நிறைய உண்டு. அந்தப் பணத்தைக் கழுவிப் பயன்படுத்தும் குவளைகளுக்குச் செலவிடலாம்.

கெட்டுப்போனதை அப்புறப்படுத்தல்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், தோற்ற திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இரண்டாம் தவற்றைச் செய்கின்றன. மொத்தத்தையும் பையில் கட்டி மாநகர் மன்ற லோரியில் ஏற்றிவிட்டால் நாற்றம் போகும். அதோடு திட்டத்தின் மீதான நம்பிக்கையும் போகும்.

அவர்கள் செய்தது: கோப்பைகளையும் எலும்புகளையும் பொறுக்கி எடுத்த பின், வாழைத்தோட்டத்தின் ஓரமாக, கால்வாயிலிருந்து 3 மீட்டர் தள்ளி, 40 சென்டிமீட்டர் ஆழத்தில் நீளக்குழிகள் வெட்டினார்கள். 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கிழித்த முட்டை அட்டையும் பெட்டி அட்டையும் அடியில் பரப்பி, அதன்மேல் 10 சென்டிமீட்டர் கழிவு, மேலே 20 சென்டிமீட்டர் மண். எலி தோண்டாமலிருக்கக் கம்பி வலை விரித்து, ஓரங்களில் கல் வைத்தார்கள். இரண்டு நாள் வேலை. கையுறை, முழங்கால்வரை ரப்பர் காலணி எல்லோருக்கும் கட்டாயம். குழி மூடிய மறுநாள் நாற்றம் இல்லை. புளித்த கழிவு அமிலத்தன்மை உள்ளது என்பதால், அந்த இடத்தில் புதிய கன்று எதுவும் இரண்டு மாதத்துக்கு நடவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு எல்லாவற்றிலும் முக்கியமானது: கையிருப்பில் உள்ள காய்ந்த சருகுதான் அன்றைய கழிவின் அளவைத் தீர்மானிக்கும். சருகு இல்லாத நாளில் உரக்குழி மூடியிருக்கும், கழிவு லோரியில் போகும், யாரும் அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கழகத்து மாணவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு கிலோ சோறுகூடக் குப்பைமேட்டுக்குப் போகக்கூடாது என்பது அவர்கள் கட்சி. ஆனால் ஒரு நாள் ஆசையில் அளவு மீறினால் ஒரு மாதம் மூட வேண்டிவரும் என்பதைத் தீபாவளி வாரம் காட்டியிருந்தது.

அதனால் டிசம்பர் முழுவதும் சருகு சேர்ப்பதற்குக் கூரை போட்டார்கள், வேறெதுவும் செய்யவில்லை. ஜனவரி, பிப்ரவரி பினாங்கில் வறண்ட காலம். வளாகத்து அங்சானா (வேங்கை இனம்) மரங்களும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரங்களும் இலை கொட்டும். துப்புரவுக் குழு கூட்டும் சருகு அதுவரை லோரிக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது சாக்கில் அடைத்துக் கூரைக்குள் வந்தது. ஒரு சாக்கு நொறுக்காத சருகு ஏறத்தாழ 5 கிலோ. 30 சாக்கு சேர்ந்த பிறகே வேலையைத் தொடங்குவது என்று எழுதி ஒட்டினார்கள்.

எல்லாச் சருகும் ஒன்றல்ல. தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலையை அப்படியே போடலாம். கெத்தாப்பாங் இலை உள்ளங்கையைவிடப் பெரிது, தோல்போலத் தடித்தது. நொறுக்காமல் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று தட்டைப் பாயாகப் படிந்து காற்றை அடைக்கும். அதைச் சிமெண்டுத் தரையில் பரப்பிப் புல்வெட்டும் இயந்திரத்தை இருமுறை மேலே ஓட்டினார்கள். பாதிக்குக் கீழே சுருங்கியது. பக்கத்துத் தளவாடப் பட்டறையிலிருந்து மரத்தூள் இலவசமாக வருவதாக ஒரு மாணவர் ஏற்பாடு செய்தார். பார்த்தால், அழுத்துப் பலகை அறுத்த தூள், பசை கலந்தது. வேண்டாம் என்று திருப்பியதும் சரியான முடிவு.

இரண்டாவது முடிவு, முதல் ஆறு வாரம் சமையலறை நறுக்கல் மட்டும். முட்டைக்கோஸ் இலை, வெங்காயத் தோல், காய்த் தண்டு, தேயிலைச் சக்கை. உப்பும் எண்ணெயும் இல்லாதவை, நாளுக்கு 14 கிலோ. காய்கறி நறுக்கலில் நீர் இன்னும் அதிகம் என்பதால் 14 கிலோவுக்கு ஒன்றரைச் சாக்குச் சருகு வைத்தார்கள்.

மூன்றாவது, தொட்டிகளை விட்டுவிட்டு மூன்று அறைகள். சரக்கு ஏற்றும் மரப்பலகைச் சட்டங்களை நிறுத்தி, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் நீள, அகல, உயரம். சட்டத்தில் ஹெச்.டி. முத்திரை உள்ளதை மட்டும் எடுத்தார்கள். அது வெப்பத்தில் பதப்படுத்தியது. எம்.பி. முத்திரை இருந்தால் நச்சுப் புகையூட்டியது, ஒதுக்க வேண்டும். உட்புறமும் அடியும் 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை. 12 மில்லிமீட்டர் வலையில் எலிக்குஞ்சு நுழைந்துவிடும். சிமெண்டுத் தரைக்கு லேசான சரிவு, கசியும் நீர் ஒரு மூடிய வாளியில் சேரும், அந்த நீர் மறுநாள் காய்ந்த பகுதியின்மேல் ஊற்றப்படும். கூரை விளிம்பு 60 சென்டிமீட்டர் நீட்டி விடப்பட்டது. சாரல் அடிக்கும் ஊரில் கூரை இருந்தால் போதாது, நீட்டமும் வேண்டும். இடமும் மாறியது: கண்ணுக்குத் தெரியாத மூலையிலிருந்து, சிற்றுண்டிச்சாலைக்குப் போகும் நடைபாதையின் ஓரத்துக்கு. கண்ணில் படும் குவியலைத்தான் மக்கள் கவனிப்பார்கள்.

நான்காவது, வேலைக்கு ஊதியம். நாளொன்றுக்கு 35 நிமிடம் ஆகிறது என்று அளந்து, அதைத் துப்புரவுக் குத்தகையில் தனிப் பணியாகச் சேர்த்து, மாதம் 150 ரிங்கிட் அந்தப் பெண்மணிக்கே சேரும்படி எழுதினார்கள். குவியலை நிறுத்தும் அதிகாரமும் அவருக்குத் தரப்பட்டது: அவர் போதும் என்று சொன்ன நாளில் யாரும் கொட்டக்கூடாது. மாணவர்கள் வருவார்கள், தேர்வு வரும், போய்விடுவார்கள். ஆண்டு முழுவதும் அங்கே இருப்பவர் கையில் இருக்க வேண்டிய வேலை இது.

அன்றாட முறை

காலை 10 மணிக்குக் கடைகளிலிருந்து நறுக்கல் வாளி வரும். நிறுத்து எழுதுவது முதல் வேலை. பெரிய தண்டுகளை இரண்டு விரல் நீளத்துக்கு வெட்ட வேண்டும். குவியலின் நடுவில் குழி பறித்து, அடியில் சருகு, அதன்மேல் கழிவு, மேலே சருகு என்று போட்டுக் கிளறி, கடைசியாக ஒரு கை உயரத்துக்குச் சருகால் மூட வேண்டும். மூடிய பின் உணவுத் துண்டு ஒன்றுகூட வெளியே தெரியக்கூடாது. ஈயைத் தடுப்பது மூடியல்ல, இந்தச் சருகுப் போர்வைதான்.

ஈரம் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்து, கையை விரித்தால் உருண்டை உடையாமல் நின்று, கட்டைவிரலால் தொட்டதும் உதிர்ந்தால் சரி. ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். உருண்டையே பிடிக்காவிட்டால் நீர் தெளிக்க வேண்டும். முதல் மாதம் வெப்பமானியை நம்பிய மாணவர்கள் பிறகு அந்தப் பெண்மணியின் கையை நம்பத் தொடங்கினார்கள். அவர் பிழிந்து பார்த்துவிட்டு உள்ளங்கையை முகர்வார். புளிப்பு அடித்தால் காற்றில்லை, கிளற வேண்டும். மூக்கைக் குத்தும் நெடி வந்தால் தழைச்சத்து மிகுதி, அட்டையோ சருகோ வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் குவியலின் அடியில் நீர் தேங்கியிருக்கிறது, முழுவதையும் அடுத்த அறைக்கு மாற்ற வேண்டும்.

நடுவெப்பம் 55 பாகைக்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் நின்ற பிறகு கிளறுவார்கள். 50க்குக் கீழே இறங்கினாலும் கிளறுவார்கள். எப்படியும் வாரத்துக்கு ஒருமுறைக்குக் குறையாமல். வெளி ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வர வேண்டும் என்பதுதான் கிளறுவதன் கணக்கு. ஈமுட்டையும் களை விதையும் ஓரத்தில்தான் தப்பிப் பிழைக்கும். 70 பாகையைத் தொட்டால் நல்ல நுண்ணுயிர்களும் சாகும், அப்போதும் கிளறித் தணிக்க வேண்டும்.

பின்விளைவு

ஜனவரி மூன்றாம் வாரம் மீண்டும் தொடங்கியது. நான்காம் நாள் 58 பாகை, ஆறாம் நாள் 62. நாற்றப் புகார் ஒன்றும் வரவில்லை. எலித்தடம் இல்லை. நான்காம் வாரம் சாம்பல் நிறத்தில் தட்டையான பெரிய புழுக்கள் தென்பட்டன. மாணவர்கள் பயந்து பூச்சிமருந்து கேட்டார்கள். அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். வளர்ந்த ஈ உணவின்மேல் உட்காராது, கடிக்காது, நோய் பரப்பாது. புழு கழிவை வேகமாகத் தின்னும். மருந்து அடிக்கவில்லை. ஆனால் அவை கூட்டமாகப் பெருகுவது குவியல் ஈரமாகிறது என்பதன் குறிப்பும்கூட. இரண்டு சாக்குச் சருகு சேர்த்ததும் குறைந்தன.

இதே நேரத்தில் சிற்றுண்டிச்சாலைப் பக்கமும் ஒரு மாற்றம். தட்டில் மிஞ்சும் சோற்றை உரமாக்குவதைவிட மிஞ்சாமல் செய்வது நல்லது என்று தமிழர் கடைக்காரர்தான் கணக்குச் சொன்னார். ஒரு தட்டுக்கு 250 கிராம் சோறு போய்க்கொண்டிருந்தது. சிறிய அகப்பைக்கு மாறி 180 கிராம் ஆக்கி, “பத்தலைன்னா மறுபடி கேளுங்க, காசு இல்ல” என்று பலகை வைத்தார்கள். மறுசோறு கேட்டவர்கள் ஐந்தில் ஒருவர்தான். கடைக்காரருக்கு அரிசி மிச்சம். மாணவருக்குப் பசி இல்லை. மற்ற இரண்டு கடைகளும் ஒரு மாதத்தில் பின்பற்றின. தட்டுக்கழிவு 31 கிலோவிலிருந்து 22 கிலோவுக்கு இறங்கியது. சுவரொட்டிகள் ஓராண்டு சொல்லியும் நடக்காதது அகப்பையால் நடந்தது.

மார்ச் மாதம் தட்டுச் சோற்றையும் சேர்க்கத் தொடங்கினார்கள், நாளுக்கு 8 கிலோ மட்டும். குழம்பை வடிகூடையில் வடித்து, எலும்பும் மீனும் நீக்கி, சோற்றைக் கையால் உதிர்த்துச் சருகில் புரட்டிய பிறகே குவியலுக்கு. உதிர்க்காமல் போட்டால் பழைய கட்டிகள் திரும்ப வரும்.

மே மாத இறுதியில் முதல் அறை உரம் முதிர்ந்தது: கறுப்பு, மழை பெய்த மண்வாசம், அகழ்ந்தால் சூடு இல்லை. ஆனால் பையில் அடைத்து வழங்கும் முன் விரிவுரையாளர் சோதனை கேட்டார். காய்கறி உரம், சோறு கலந்த உரம் இரண்டிலிருந்தும் ஒரு பங்கு உரத்துக்கு ஐந்து பங்கு நீர் விட்டுக் கலக்கி, உப்பை அளக்கும் மின்கடத்தல் அளவி வைத்துப் பார்த்தார்கள். முதலாவது 1.6, இரண்டாவது 3.9. பிறகு ஒவ்வொரு கரைசலிலும் நனைத்த தாளில் 20 பச்சைப்பயறு. மூன்று நாளில் முதலாவதில் 18 முளைத்தன. இரண்டாவதில் 11, அவற்றின் வேர்நுனியும் கருகியிருந்தது. தட்டில் விழும் உப்பு எங்கும் போகவில்லை. மக்கினாலும் உப்பு உப்பாகவே இருக்கும், எடை சுருங்கச் சுருங்க அடர்த்தி கூடும். எனவே சோறு கலந்த உரத்தை மூன்று பங்கு மண்ணோடு கலந்து வாழைக்கும் பெரிய மரங்களுக்கும் மட்டும் இட்டார்கள். கீரைப் பாத்திக்கும் நாற்றுப் பைக்கும் காய்கறி உரம்.

தற்போதைய நிலை: நாளுக்கு 36 கிலோ கழிவு வருகிறது, 22 கிலோ உரமாகிறது, மிச்சம் 14 கிலோ – எலும்பு, குழம்பு, தேங்காய்ச் சக்கை – இன்னும் லோரியில்தான் போகிறது. பொரித்த எண்ணெயைத் தனிக் கலனில் சேர்த்து மறுசுழற்சிக்கு விற்கிறார்கள். கழகம் அச்சடித்திருந்த ‘கழிவே இல்லாத வளாகம்’ என்ற பதாகையை விரிவுரையாளர் மாட்ட விடவில்லை. அதன் இடத்தில் அந்த வாரத்து எடைகளை எழுதும் கரும்பலகை தொங்குகிறது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

தொட்டி வாங்கும் முன் ஐந்து நாள் தராசு. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. இதைச் செய்யாததற்கு நான்கு தொட்டிகளின் விலை போனது. (அவற்றில் மூன்று இப்போது நொறுக்கிய சருகு வைக்கப் பயன்படுகின்றன.)

தொடக்க மாதம் அக்டோபர் அல்ல, பிப்ரவரி. வறண்ட பருவத்தில் சேர்த்த சருகோடு மழைக்காலத்துக்குள் நுழைய வேண்டும். மழைக்காலத்தில் கையிருப்பு 10 சாக்குக்குக் கீழே இறங்கினால் சோற்றை நிறுத்துவது, 5க்குக் கீழே எல்லாவற்றையும் நிறுத்துவது என்று இப்போது எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த செப்டம்பரில்தான் அது முழுமையாகச் சோதிக்கப்படும். முட்டை அட்டையும் பெட்டி அட்டையும் அவசரக் கையிருப்பாக அடுக்கப்பட்டுள்ளன. பெட்டிகளின் ஒட்டுநாடாவை உரித்த பிறகே அடுக்குகிறார்கள்.

விடுமுறைக்கு மூன்று நாள் முன்பே ஈரக்கழிவை நிறுத்தி, முழுவதையும் ஒருமுறை கிளறி, இரட்டைச் சருகுப் போர்வை போட வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு இப்படிச் செய்தபோது ஆறு நாள் கழித்துத் திறந்ததில் ஈ இல்லை.

உப்புச் சோதனையை முடிவில் அல்ல, சோறு சேர்த்த முதல் மாதத்திலேயே செய்திருக்க வேண்டும். அப்போதே சோற்றின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்று தெரிந்திருக்கும். 8 கிலோ என்ற அளவு அந்த வரம்பைச் சற்றே மீறுகிறது. ஆகவே வரும் பருவத்தில் அதை 6 கிலோவாகக் குறைக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று இன்னும் தீரவில்லை. துப்புரவுக் குத்தகை ஆண்டுதோறும் மாறுகிறது. புதிய குத்தகையாளர் வந்தால் அந்தப் பெண்மணி இந்த வளாகத்திலேயே இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. உரக்குழிப் பணியையும் அந்த 150 ரிங்கிட்டையும் குத்தகை நிபந்தனையிலேயே எழுதச் சொல்லிக் கழகம் நிர்வாகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறது. இதற்கிடையில் இரண்டாவது பணியாளர் ஒருவர் வாரம் இரண்டு காலை அவரோடு நின்று, ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.